கலிஃபோர்னியா டு சென்னீர்குப்பம்: எத்தனை மணி நேரம்?

"பையன் எப்ப வர்றான்?"

சாவு வீட்டு வாசலில் இப்போதெல்லாம் முதலில் விழும் கேள்வி இதுதான். 'எப்படி ஆச்சு?' என்பதே அப்புறம்தான். ஷாமியானா கட்டியாச்சு, பிளாஸ்டிக் நாற்காலி வந்தாச்சு, ஃப்ரீசர் பாக்ஸுக்கு கரன்ட் கொடுத்தாச்சு. மேளத்துக்கு எத்தனை மணிக்குச் சொல்வது, மயானத்தில் எப்போது சொல்லிவைப்பது, வெளியூர் சொந்தக்காரர்கள் இன்றைக்குக் கிளம்பணுமா நாளைக்கா... எல்லாம் அந்த ஒரு பதிலுக்காக நிற்கும்.

பூந்தமல்லியை ஒட்டி, ஆவடி போகிற ரோட்டில் இருக்கிற சென்னீர்குப்பமும் இதற்கு விலக்கில்லை. போரூர், ராமாபுரம் பக்கம் ஐ.டி. வேலையில் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா, கனடா என்று போன பிள்ளைகள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் நிறைய. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களும் உண்டு.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர் போனை எடுத்து, சென்னைக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடுவார். சுமார் 13,900 கி.மீ. என்று வரும். பறக்கும் நேரம் பதினாறு, பதினேழு மணி என்றும் வரும். உடனே ஒரு பெரியவர் கணக்குப் போட்டுவிடுவார்: "இப்ப காலைல அஞ்சு மணி. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் வந்துடுவான். நாளைக்குக் காலைல எடுத்துடலாம்!"

வர முடியாது. போனில் வந்த எண்ணில் தப்பில்லை. ஆனால் அது விமானத்தின் கணக்கு. வீட்டு வாசலின் கணக்கு வேறு.

ஆரஞ்சுப் பழமும் நூலும்

முதலில் அந்த 13,900 கி.மீ. என்ன என்று பார்த்துவிடுவோம். சென்னீர்குப்பத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்கோட்டில் பத்து கி.மீ.தான். ஆனால், போரூர் வழியாகப் போனாலும், மாங்காடு, குன்றத்தூர் சுற்றிப் போனாலும் வண்டியின் மீட்டர் ஒன்றரை மடங்குக்கு மேல் காட்டும். விமானத்துக்கும் இதே கதைதான். தேடினால் கிடைக்கிற தூரம், உலக உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் இடையே நூல் வைத்து இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறைந்த நீளம். அதே நூலின் மேல் விமானம் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தால் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். நடுக்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி: அது சென்னை. ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில், இன்னும் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி: அது சான் ஃபிரான்சிஸ்கோ. நூலை இறுக்கினால் அது பழத்தின் இடுப்பைச் சுற்றிப் போகாது, தலைப்பக்கம் ஏறும். நிஜ பூமியில் அந்த நூல் சென்னையிலிருந்து வடக்கே கிளம்பி, இமயமலை, சீனா, சைபீரியா, அலாஸ்கா வழியாக கலிஃபோர்னியாவில் இறங்கும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பும்படியாகவே இருக்காது.

இதில் இன்னொரு வேடிக்கை. நியூயார்க் அமெரிக்காவின் கிழக்குக் கரை, சான் ஃபிரான்சிஸ்கோ மேற்குக் கரை. இரண்டுக்கும் நடுவே 4,000 கி.மீ.க்கு மேல். ஆனால் சென்னையிலிருந்து அளந்தால் நியூயார்க் சுமார் 13,500 கி.மீ., சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் 13,900 கி.மீ. வித்தியாசம் 500 கூட இல்லை. நாம் பூமியின் கிட்டத்தட்ட மறுபக்கத்தில் இருப்பதால், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே அலைச்சல்தான். 'நியூஜெர்சி மாப்பிள்ளைன்னா கொஞ்சம் கிட்ட' என்று பெண் வீட்டார் ஆறுதல்பட்டுக்கொள்ள இடமில்லை.

பறக்கும் நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. கி.மீ.யை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். துபாய் 2,930 கி.மீ.: சுமார் நாலு மணி. லண்டன் 8,230 கி.மீ.: பத்து மணிக்குச் சற்று மேல். டிக்கெட்டில் இதைவிடக் கூடுதலாகவே போட்டிருக்கும். விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, எதிர்க்காற்று, வளைந்து போகும் வழி எல்லாம் அதில் சேரும்.

ஒரே தூரம், இரண்டு கடிகாரம்

தூரத்தைவிட அதிகமாகக் குழப்புவது கடிகாரம். சென்னையிலிருந்து மேற்கே துபாய் சுமார் 2,930 கி.மீ. கிழக்கே சிங்கப்பூரும் சுமார் 2,920 கி.மீ. தராசில் வைத்ததுபோல் சமம். இரண்டுக்கும் நாலேகால் மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறினால், துபாய் டிக்கெட்டில் இறங்கும் நேரம் பகல் 12.45. சிங்கப்பூர் டிக்கெட்டில் மாலை 4.45. ஒன்றில் மூன்று மணிகூட ஆகவில்லை. இன்னொன்றில் ஏழு மணி நேரம் போய்விட்டது! துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால், அவ்வளவுதான் விஷயம். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பயண நேரம் பார்க்கவே கூடாது.

அமெரிக்கா என்றால் கடிகாரத்தோடு காலண்டரும் சேர்ந்துகொள்ளும். கலிஃபோர்னியா நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி பின்னால். மொத்தம் 24 மணி நேரப் பயணம் என்று வையுங்கள். கோடையில் ஒரு திங்கட்கிழமை மதியம் 3 மணிக்கு அங்கே ஏறுபவர் இங்கே இறங்குவது புதன்கிழமை அதிகாலை 3.30-க்கு. அதே 24 மணி நேரம் திரும்பும்போது? திங்கட்கிழமை அதிகாலை 3.30-க்குச் சென்னையில் ஏறினால், அதே திங்கட்கிழமை மதியம் 3 மணிக்கு அங்கே. "திங்கட்கிழமை கிளம்பிட்டேன்னான், செவ்வாய்க்கிழமை முழுக்க ஆளையே காணோமே" என்று ஒரு தாய் பதறுவது இதனால்தான். அந்தச் செவ்வாய்க்கிழமையை அவன் ஆகாயத்தில் கழித்துக்கொண்டிருப்பான்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை விட்டது நினைவிருக்கலாம். கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் அத்தனை பேரும் பெண்கள். ஏறத்தாழ 14,000 கி.மீ., வட துருவத்துக்கு மேலாக, பதினேழு மணி நேரத்துக்கும் மேல். அங்கிருந்து கிளம்பியது ஜனவரி 9, சனிக்கிழமை இரவு. பெங்களூரில் இறங்கியது 11, திங்கட்கிழமை விடிகாலை.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஒன்பது, பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறுபோல ஓடும் வேகக் காற்று, அதோடு போகிற விமானத்தைத் தள்ளிவிடும். எதிரே வருவதைப் பிடித்து நிறுத்தும். 2020 பிப்ரவரியில் அட்லான்டிக்கில் பெரும்புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு, ஏழு மணி பிடிக்கும் வழி அது.

போன் அடித்த நிமிடத்திலிருந்து...

இனி அந்தப் பெரியவரின் கணக்குக்கு வருவோம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ டெல்லியிலோ எங்காவது மாற வேண்டும். துபாய் வழி என்றால் மொத்தத் தூரம் சுமார் 16,000 கி.மீ. ஃபிராங்ஃபர்ட் வழி என்றால் சுமார் 16,700. நூல் கணக்கைவிட 2,000, 3,000 கி.மீ. கூடுதல்.

கோடைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, நம் நேரம் விடிகாலை 5 மணிக்குப் போன் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30. அழுது முடித்து, டிக்கெட் தேடி, பாஸ்போர்ட்டை எடுத்து, அலுவலகத்துக்கு மெயில் போட்டு, குழந்தையை யாரிடமாவது விட்டு, விமான நிலையம் போய்ச் சேர்ந்து, இரவு 11 மணி விமானத்தில் இடமும் கிடைத்துவிடுகிறது. அதுவே அதிர்ஷ்டம். நம் நேரப்படி இப்போது திங்கள் காலை 11.30. ஆறரை மணி நேரம் போயாச்சு, இன்னும் சக்கரம் தரையை விட்டு எழவில்லை.

வளைகுடாவுக்கு 16 மணி நேரம்: செவ்வாய் விடிகாலை 3.30. அடுத்த விமானத்துக்கு 4 மணி நேரக் காத்திருப்பு: காலை 7.30. சென்னைக்கு 4 மணி: 11.30. இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ்: ஒரு மணி. அங்கிருந்து கார் பிடித்து சென்னீர்குப்பம் வந்து சேரும்போது பிற்பகல் 2 மணி. ஆக, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தினாலே 33 மணி நேரம்.

அன்றிரவு இடம் கிடைக்காமல், மறுநாள் மாலை 4 மணி விமானம்தான் என்றால்? அதே கணக்கில் புதன்கிழமை காலை ஏழு மணி. கிட்டத்தட்ட 50 மணி நேரம். சாவு வீட்டில் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. விரைவாக என்றால் ஒன்றரை நாள், சாதாரணமாக இரண்டு நாள். நியூயார்க், டொரன்டோ பக்கம் என்றால் சில மணி நேரம் குறையலாம். லண்டன் நேரடி விமானம் என்றால் கதையே வேறு. ஒரு நாளுக்குள் வாசலில் நிற்க வாய்ப்புண்டு. துபாய், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சில சமயம் மதுரை சொந்தக்காரருக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள்.

கடைசிப் பதினைந்து கி.மீ.யையும் லேசாக எண்ண வேண்டாம். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவிலும் விடிகாலையிலும்தான் இறங்குகின்றன. அந்த நேரத்தில் முக்கால் மணியில் வந்துவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கினால் போரூர் சிக்னல் தாண்டுவதற்குள் துபாய் பாதி வழி வந்துவிடும்.

டெல்லி, மும்பை வழியாக வருபவர்களுக்கு ஒரு சிக்கல். இந்திய மண்ணில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி போட்டுவிட்டு உள்நாட்டு விமானம் ஏற வேண்டியிருக்கும். ஒன்றரை மணி இடைவெளியை நம்பி டிக்கெட் எடுப்பது சூதாட்டம். அதிலும் இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் கேட்க நாதியில்லை. விலை கொஞ்சம் கூடினாலும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், மாற்று விமானம் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இந்த மாதிரி நேரத்தில் பெட்டியே வேண்டாம், கைப்பை போதும் என்று வருபவர்கள் இரண்டு இடத்திலும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

சென்னீர்குப்பத்துக்காரர்களுக்கு என்று ஒரு வழியும் இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலை சென்னைக்குள் நுழைவதே பூந்தமல்லி வழியாகத்தான். சென்னைக்கு இடம் கிடைக்காமல் பெங்களூருக்குக் கிடைத்தால், இறங்கி நேராகக் கார் எடுத்தால் ஆறேழு மணி நேரம். அடுத்த விமானத்துக்காக எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

வழியை அடைப்பவர்கள்

நூல் வைத்து இழுத்த வழியில் யாராவது வேலி போட்டுவிட்டால்? 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி பல மேற்கத்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வட அமெரிக்க வழித்தடங்களில் சில விமானங்கள் நடுவில் எரிபொருள் நிரப்பவும் இறங்கின. அதே ஆண்டு ஜூனில் இஸ்ரேல் - ஈரான் மோதலின்போது கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியதில், பல நாட்டுப் பயணிகள் ஆங்காங்கே சிக்கிக்கொண்டார்கள். தூரத்தைச் சொல்லும் இணையதளங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அவை நூலை மட்டும்தான் அளக்கும். புறப்படும் நாளில் விமான நிறுவனத்தின் செயலியில் பார்ப்பதே சரி.

ஆனால் நேரத்தை எல்லாவற்றையும்விட அதிகம் தின்பது காகிதம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவருக்கு ஓசிஐ அட்டை வேண்டும். இல்லையென்றால் இந்திய விசா. அப்பா, அம்மா இந்திய பாஸ்போர்ட்டாகவே இருந்தாலும், அங்கே பிறந்த கைக்குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட். அதற்கும் தனியாக ஓசிஐயோ விசாவோ வேண்டும். இதை எடுத்து வைக்காமல், டிக்கெட் கையில் இருந்தும் தாயும் பிள்ளையும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. அவசர விசாவுக்கு இந்தியத் தூதரகத்தை அணுகலாம். அதுவும் மணிக்கணக்கை விழுங்கும். மாறும் நாட்டைப் பொறுத்து டிரான்சிட் விசா விதியும் மாறுபடும்.

ஹெச்-1பி காரர்களின் அவஸ்தை இதைவிடக் கொடுமை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், வருவதற்குத் தடையில்லை. திரும்பிப் போக இங்கே மறுபடி முத்திரை வாங்க வேண்டும். அதற்கான தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது. வேலை, வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். அப்பா இந்தப் பக்கம். 'அமெரிக்கா போய்ப் பாசம் விட்டுப்போச்சு' என்று தெருவில் பேசுகிறவர்களுக்கு இந்த முத்திரை விஷயம் தெரிந்திருக்காது.

காத்திருப்பதே புதுசுதான்

பிள்ளை வரட்டும் என்று உடலை வைத்துக் காத்திருக்கும் பழக்கத்துக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. மெட்ராஸிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு 'ரஜூலா' கப்பல் ஓடிய காலத்தில் அந்தப் பயணமே சுமார் ஒரு வாரம். இங்கிருந்து தந்திதான் போகும். அங்கே இருந்தவர் கடல் பார்த்துத் தலைமுழுகுவார். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வழியில்லை. அதே 2,920 கி.மீ. இன்று நாலேகால் மணி நேரம். வர முடியும் என்று ஆனபிறகுதான், வராவிட்டால் குற்றம் என்றும் ஆகியிருக்கிறது.

இரண்டு நாளைத் தாண்டும் என்று தெரிந்தால், வீட்டில் ஃப்ரீசர் பாக்ஸில் வைக்காமல் மருத்துவமனையில் பாதுகாக்க ஏற்பாடு செய்கிறார்கள். இன்னும் சிலர், "நீ பதறி ஓடி வராதே, பதினாறாம் நாள் காரியத்துக்கு நிதானமா வா" என்று சொல்லிவிட்டு, வீடியோ காலில் முகம் காட்டி முடித்துவிடுகிறார்கள். என் கண்ணுக்கு இதில் தவறேதும் தெரியவில்லை. ஒன்றே ஒன்று, இதை வீட்டின் மூத்தவர் ஒருவர் பிள்ளையிடம் நேராகக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். "எடுத்துடுங்க" என்று சொல்லும் பொறுப்பை, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் தனியாக அழுதுகொண்டிருப்பவன் தலையில் வைக்கக் கூடாது. முடிந்தால் அப்பா, அம்மா நன்றாக இருக்கும்போதே, "எனக்கு ஒண்ணுன்னா எத்தனை நேரம் வெச்சிருக்கணும்" என்று அவர்கள் வாயாலேயே கேட்டு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி. பல பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

இதெல்லாம் துக்கத்துக்கு மட்டுமான கணக்கில்லை. மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும் அம்மாவுக்கும் இதே கடிகாரம்தான். மேற்கே போகும்போது அவருடைய ஒரு 'நாள்' முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் நீளும். இன்சுலின், பி.பி. மாத்திரை போடுபவர்கள் எந்த ஊர் மணிக்குப் போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடலாம். நடக்கத் தெம்பிருந்தாலும் கேட்கலாம். மாறும் ஊரில் வழி தெரியாமல் அலைவது மிச்சமாகும்.

விமானம் கிளம்பியபின் வீட்டில் இருப்பவர்கள் செய்ய ஒன்றுதான் இருக்கிறது. டிக்கெட்டில் உள்ள விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் போட்டால், மஞ்சள் விமானம் நகர்வது தெரியும். பாட்டி முதல் பேரன் வரை மாறி மாறிப் பார்க்கலாம். கடலுக்கு மேல் சில நேரம் அது காணாமல் போகும், பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதில் காட்டும் நேரத்துக்குப் பக்கத்தில் 'யூ.டி.சி.' என்று இருந்தால், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.